ரிட்லி கண்ட ஓடைச் செடி

மீன் தொட்டியில் முதல்முறையாகச் செடி வளர்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் கிரிப்டோகோரைன். சிரம்பான், பகாவ் போன்ற ஊர்களின் அலங்கார மீன் கடைகளில் 'கிரிப்ட்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சையும் பழுப்பும் கலந்த நீள இலைகள், அடியில் தடித்த கிழங்குத் தண்டு. அதற்குக் கண்ணைப் பறிக்கும் விளக்கு வேண்டாம், கரியமிலவாயுச் சிலிண்டர் வேண்டாம், வாரா வாரம் சொட்டுச் சொட்டாக ஊற்றும் உரமும் வேண்டாம். நட்ட இடத்தில் விட்டுவைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

ஏன் இது இவ்வளவு எளிய செடி? விடை தேடிப் போனால் நெகிரி செம்பிலான் தோட்டங்களை ஒட்டி ஓடும் ஓடைகளுக்குப் போய்ச் சேருவோம். தொட்டியில் தானாகப் பிழைத்துக்கொள்ளும் இந்தச் செடி, தன் சொந்த ஓடையில் மிக எளிதில் அழிந்துபோகக்கூடியது. இரண்டுக்கும் காரணம் ஒரே குணம். அதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் அது வாழும் இடம். தித்திவங்சா மலைத்தொடர் தெற்கே இறங்கி வந்து ஜெலுபு, சிரம்பான் வட்டாரத்தில் தாழ்கிறது. அந்தக் கருங்கல் மலைகளிலிருந்து வரும் நீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. சமவெளிக் காட்டுக்குள் தேங்கித் தேங்கி நகரும்போது, விழுந்த இலைகளெல்லாம் அதில் ஊறுகின்றன. தண்ணீர் பழுப்பேறி அமிலத்தன்மை கொள்கிறது. தலைக்கு மேலே மழைக்காட்டின் கூரை. உச்சி மரங்களின் மேல் விழும் வெயிலில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் தரைக்கு வந்து சேரும். அதிலும் ஒரு பகுதியைப் பழுப்பு நீர் விழுங்கிவிடும். மிச்சமிருக்கும் ஒளியை நம்பித்தான் கிரிப்ட் வாழ்கிறது.

ஒளி மட்டும் அல்ல சிக்கல். நிலத்துச் செடிக்குக் காற்றிலிருந்து கரியமிலவாயு தடையின்றிக் கிடைக்கிறது. தண்ணீருக்குள் அதே வாயு ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். போதாததற்கு ஒவ்வொரு இலையையும் ஒட்டி, அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று படிந்திருக்கிறது. தைப்பூசக் கூட்டத்துக்குள் தேரை நெருங்கப் பார்க்கும் பக்தரைப் போல, வாயு மூலக்கூறுகள் அந்தப் படலத்தைத் தாண்ட முட்டி மோதி நேரம் எடுத்துக்கொள்கின்றன. நீர்ச்செடிகள் பலவற்றின் உடலமைப்பே இந்தத் தாமதத்துக்கு ஈடுகொடுக்க உருவானதுதான். நீருக்குள் வளரும் இலையில் மேல்தோல் மெழுகுப்பூச்சு மிக மெல்லியது. இலைத்துளைகளுக்கு வேலை இல்லை. வாயு தோல் வழியாகவே உள்ளே போகிறது.

காட்டோடையில் ஓர் அனுகூலமும் உண்டு. ஊறி அழுகும் இலைக்குப்பையும் கரையோர மண்ணும் விடாமல் கரியமிலவாயுவை வெளிவிடுவதால், ஓடை நீரில் அது காற்றோடு சமநிலையில் இருக்கவேண்டிய அளவைவிடப் பல மடங்கு கூடுதலாகவே கரைந்திருக்கிறது. ஆக, கிரிப்டின் உலகில் கரி போதிய அளவு இருக்கிறது, ஒளிதான் பஞ்சம். பஞ்சத்தில் வாழ்கிறவர் செலவைக் குறைத்தே ஆகவேண்டும். கிரிப்ட் மாதத்துக்கு ஓரிரு இலைகள்தான் விடும். விட்ட இலையை நெடுநாள் வைத்துக்கொள்ளும். மிஞ்சிய சத்தைக் கிழங்குத் தண்டில் சேர்த்துவைக்கும். வேர்களை மண்ணுக்குள் ஆழமாகவும் அகலமாகவும் செலுத்தி அங்கிருந்தே பெரும்பாலான உணவைத் தேடிக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிரான ஒரு செடியைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். வெயில் படும் குட்டையிலும் லோங்கான் எனப்படும் வடிகாலிலும் கொத்துக்கொத்தாக மண்டும் ஹைட்ரில்லா. தமிழ்ப்பள்ளி அறிவியல் வகுப்பில் கண்ணாடிக் குவளைக்குள் புனலைக் கவிழ்த்து, அதற்குள் இந்தச் செடியை வைத்து, வெயிலில் குமிழ்கள் எழுவதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். ஹைட்ரில்லா கரியமிலவாயு தீர்ந்துபோனாலும் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டைக் கொண்டு சமாளிக்கும். கரும்பும் சோளமும் வெயிலில் கையாளும் கரிச்சேமிப்பு வித்தையைத் தேவைப்படும்போது மட்டும் கையில் எடுக்கும். நல்ல வெயிலில் ஒரே நாளில் இரண்டரை சென்டிமீட்டர் வரை நீளும். அதுவும் எளிய செடிதான். ஆனால் வாரம் ஒருமுறை கத்திரிக்கோல் எடுக்காவிட்டால் தொட்டி முழுக்க அதுதான் இருக்கும். ஹைட்ரில்லா அவசரத்தால் வெல்கிறது. கிரிப்ட் காத்திருந்து வெல்கிறது, அதுவும் நிழல் இருக்கும்வரை.

இந்த நிழல் ஓடைகளை முதலில் கவனித்த தாவரவியலாளர்களில் ஒருவர் வில்லியம் கிரிஃபித். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1832இல் சென்னைக்கு வந்தவர். அசாம், பர்மா, பூட்டான், ஆப்கானிஸ்தான் என்று செடி சேகரித்துத் திரிந்து, கடைசியில் மலாக்காவில் பணியேற்று, 1845 பிப்ரவரியில் அங்கேயே 34 வயதில் இறந்துபோனார். அவர் விவரித்த கிரிப்டோகோரைன் கார்டேட்டா, அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து 1851இல் அச்சேறியது. இன்னொரு சிற்றினத்துக்கு ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஷாட் அவர் பெயரையே வைத்தார்: கிரிப்டோகோரைன் கிரிஃபித்தியை. மலாக்காவுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் இடையே செடிகள் அறிந்த எல்லை எதுவும் இல்லை. அன்று லிங்கி ஆற்றின் இரு பக்கமும் ஒரே காடுதான்.

அடுத்து வந்தவர் ஹென்றி ரிட்லி. தோட்டத் தமிழர்களின் வாழ்க்கையை, தாம் பார்த்தறியாத தூரத்திலிருந்து, இவரளவுக்கு மாற்றியமைத்த தாவரவியலாளர் வேறொருவர் இல்லை என்றே நினைக்கிறேன். 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்றார். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த சில ரப்பர் கன்றுகளின் வாரிசுகள் அப்போது அங்கே வளர்ந்துகொண்டிருந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெலிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி செப்பனிட்டார். பார்க்கும் தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் விதைகளை நீட்டி நடச் சொன்னதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று அவரைக் கேலி செய்தார்கள். 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மேற்குக் கரை நெடுகக் காடு ரப்பராயிற்று. தென்னிந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தது அந்தப் பதினைந்து ஆண்டுகளில்தான் உச்சத்தை நோக்கிப் போனது.

அதே ரிட்லி 1904இல், ஊதா நிறப் பூமடல் கொண்ட ஓர் ஓடைச் செடிக்குக் கிரிப்டோகோரைன் பர்பூரியா என்று பெயரிட்டார். பின்னாளில் கோபன்ஹேகனின் நீல்ஸ் யாகப்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் அதன் மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது பெரும்பாலும் மலட்டுத்தன்மை கொண்டதாக இருந்தது. கார்டேட்டாவும் கிரிஃபித்தியையும் கலந்து பிறந்த கலப்பினம் அது என்ற முடிவுக்கு வந்தார்கள். விதை மூலம் பெருகமுடியாத ஒரு செடி எப்படி இத்தனை காலம் நிலைத்தது? மண்ணுக்கடியில் ஓடும் கொடித்தண்டால். ஒரு செடி பக்கவாட்டில் தண்டு நீட்டி அடுத்த கன்றை விடும், அது அடுத்ததை விடும். ஒரு குளத்தின் ஓரம் முழுக்கப் பரவிய கூட்டம், தாவரக் கணக்கில் ஒரே ஆள்.

அந்தக் கலப்பினத்தைப் பார்க்கவேண்டுமென்றால் பகாவிலிருந்து வெகுதூரம் போகவேண்டியதில்லை. மாநில எல்லைக்கு அப்பால் பகாங்கில் இருக்கும் தாசிக் பெரா அதன் பெயர்பெற்ற இருப்பிடம். 1994 நவம்பரில் மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. செமலாய் பழங்குடியினரின் ஊர். ஜெம்போல் வட்டாரத்தில் மூவார் ஆற்றின் கிளையும் செர்த்திங் ஆறும் மிக நெருங்கி ஓடும் இடத்தில், பழங்காலத்தில் படகைத் தரையில் இழுத்து ஓர் ஆற்றிலிருந்து மறு ஆற்றுக்கு மாற்றிப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். பெனாரிக்கான் என்பது அந்த வழியின் பெயர். செர்த்திங் பெரா ஆற்றோடு சேர்ந்து பகாங் ஆற்றில் போய்க் கலக்கிறது. பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பெய்யும் மழை, எந்தச் சரிவில் விழுகிறது என்பதைப் பொறுத்து, மலாக்கா நீரிணைக்கோ தென்சீனக் கடலுக்கோ போகும். ஓடைச் செடிகளைப் படிக்கிறவர்கள் இந்த நீர்ப்பிரிவு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்கவேண்டும்.

தோட்டம் வந்தபின் ஓடைக்கு என்ன நேர்ந்தது? தொடக்க காலத்தில் ரப்பருக்கடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது துரைமார்களின் விதி. களை எடுக்கும் வேலை பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள் தலையில் விழுந்தது. வழித்தெடுத்த செம்மண் சரிவில் ஒவ்வொரு மழையும் மண்ணை அரித்து ஓடைக்குள் கொட்டியது. மெதுவாக இலை விடும் செடியின்மேல் சேறு படிந்தால் அதற்கு மீளும் வேகம் இல்லை. பிறகு மண்ணைப் பிடித்துவைக்கப் பயறு வகைக் கொடிகளைப் படரவிடும் வழக்கம் வந்தது, அரிப்பு குறைந்தது. ரப்பர் ஆலைகளிலிருந்து வந்த கழிவுநீர் அடுத்த அடி. பாலைக் கெட்டியாக்க ஃபார்மிக் அமிலம், கெட்டியாகாமல் காக்க அம்மோனியா. இரண்டும் ஓடைக்குப் போயின. 1974இன் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு 1977இலும் ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் கழிவுநீர் விதிகள் வந்தபிறகே ஆலைகளையொட்டிச் சுத்திகரிப்புக் குட்டைகள் வரிசையாகத் தோன்றின.

ஆனாலும் முதிர்ந்த பால்மரத் தோட்டத்தில் நிழல் இருந்தது. காட்டு நிழல் அளவுக்கு இல்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை உதிரும்போது வெயில் உள்ளே இறங்கும். ஆனால் ஆண்டின் மிச்ச நாட்களில் ஓடைக்கரை இருட்டாகவே இருக்கும். கரையில் ஒரு வரிசைக் காட்டு மரங்களாவது விடப்பட்ட இடத்தில் கிரிப்ட் போன்ற செடிகள் தாக்குப்பிடிக்க வழி இருந்தது. 1960களிலிருந்து ரப்பர் செம்பனையாக மாறத் தொடங்கியபோது, மரங்களைச் சாய்த்துப் புதுக்கன்று நட்டு, கூரை மூடச் சில ஆண்டுகள் ஓடை வெயிலில் கிடந்தது. செம்பனைக்கு ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டு. ஒவ்வொரு மறுநடவிலும் அதே வெயில் திரும்ப வருகிறது. வெயில் வந்ததும் கோரையும் புல்லும் ஹைட்ரில்லாவும் கெலாடி புந்திங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் ஆகாயத்தாமரையும் ஓடையைப் பிடித்துக்கொள்கின்றன. மாதம் ஓர் இலை விடும் செடி, நாளுக்கு இரண்டரை சென்டிமீட்டர் நீளும் செடியோடு எப்படிப் போட்டி போடும்? அடுத்த பத்தாண்டில் நிழல் திரும்பினாலும், கொடித்தண்டால் மட்டும் நகரும் செடி தொலைவிலிருந்து தானாக வந்து சேராது.

இப்போது வீட்டுக்கு வருவோம். மலாயாவின் கார்டேட்டாவும் பர்பூரியாவும் அமில நீருக்குப் பழகியவை, கைபழகியவர்களுக்கே பிடிகொடுக்கும். தொடக்கத்துக்கு ஏற்றது இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளரும் கிரிப்டோகோரைன் வெண்ட்டியை. டச்சுத் தாவரவியலாளர் தெ வித் 1958இல் பெயரிட்டது. உலகம் முழுக்க மீன் தொட்டிகளில் மிக அதிகமாக வளரும் கிரிப்ட் இதுவாகத்தான் இருக்கும். சுண்ணாம்பு நீரோ மென்னீரோ, இரண்டையும் ஏற்கும். பச்சை, பழுப்பு, செம்பழுப்பு என்று பல நிறங்களில் கிடைக்கிறது. இரண்டடித் தொட்டிக்கு நான்கைந்து கன்றுகள் தாராளம்.

அடிமண்தான் முக்கியம். கிரிப்ட் வேரால் உண்ணும் செடி என்பதால், வெறும் வண்ணக் கூழாங்கல்லில் நட்டால் உயிரோடு இருக்கும், வளராது. ஜெர்மனியின் காஸ்பர் ஹோர்ஸ்டும் ஹோர்ஸ்ட் கிப்பரும் வெப்பமண்டல ஓடைகளைப் பார்த்துவிட்டு வந்து, தொட்டியின் அடியில் செம்பாறை மண் போடும் வழக்கத்தை 1980களில் பரப்பினார்கள். ஐரோப்பியர்கள் பொட்டலம் பொட்டலமாகக் காசு கொடுத்து வாங்கிய அந்த மண், ஃபிரான்சிஸ் புக்கானன் 1807இல் கேரளத்து அங்காடிபுரத்தில் பார்த்து லாட்டரைட் என்று பெயர் வைத்த அதே செம்மண். மலாக்காக் கோட்டை கட்டிய கல்லும் அதுதான். நெகிரி செம்பிலான் தோட்டப் பாதைகளில் மழைக்காலத்தில் செருப்பில் ஒட்டுவதும் அதுதான்.

அதில் இரும்பு ஏராளம், ஆனால் துருவாக இறுகிய இரும்பு, நீரில் கரையாது. மணலுக்கடியில் காற்று புகாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தத் துருவைக் கரையும் இரும்பாக மாற்றுகின்றன. அப்போதுதான் வேர் அதை எடுத்துக்கொள்ளமுடியும். அதே சமயம் வேர், இலையில் உண்டான ஆக்ஸிஜனைத் தன் வழியே கீழே கொண்டுவந்து சுற்றியுள்ள மண்ணுக்குள் கசியவிடுகிறது. அந்த ஆக்ஸிஜன் பட்டதும் கரைந்த இரும்பில் ஒரு பகுதி மறுபடி துருவாகி வேரின்மேலேயே படிகிறது. ஓரிரு ஆண்டு வளர்ந்த கிரிப்டை எப்போதாவது பிடுங்க நேர்ந்தால் வேரைக் கழுவாமல் பாருங்கள்: வெள்ளை வேர்களின்மேல் ஆரஞ்சுப் பழுப்புப் பூச்சு இருக்கும். வயலில் பிடுங்கிய நெல் நாற்றின் வேரிலும் இதே பூச்சைக் காணலாம். சேற்றில் நிற்கும் செடி நச்சுகள் வேருக்குள் புகாமல் தடுக்க அந்தத் துருப்படலமும் கசியும் ஆக்ஸிஜனும் உதவுகின்றன.

தோட்டத்து மண்ணை எடுப்பதில் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். மரத்தடிகளில் புல் மருந்து அடித்த மண்ணையும் உரம் போட்ட மண்ணையும் தொடவே கூடாது. பாராகுவாட் என்ற புல் மருந்தை மலேசியா 2020 ஜனவரி முதல் தடைசெய்துவிட்டது. ஆனால் அது களிமண்ணில் இறுகப் பிடித்துக்கொண்டு நெடுங்காலம் தங்கும் மருந்து. மற்ற மருந்துகள் இன்றும் அடிக்கப்படுகின்றன. வீட்டுப் பின்புறத்தில் எதுவும் அடிக்காத இடத்தில், மேல்மண்ணை நீக்கிவிட்டு ஒரு முழம் ஆழத்தில் இருப்பதை எடுங்கள். வாளியில் கரைத்து மிதக்கும் வேர் தூசிகளைக் களைந்து, அடியில் தங்கும் களிமண்ணை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். அதன்மேல் நன்றாகக் கழுவிய ஆற்று மணல் நான்கைந்து சென்டிமீட்டர். மணல் மூடாவிட்டால் ஒரு மீன் வாலாட்டினாலே தொட்டி செங்குழம்பாகிவிடும்.

கடைக் கன்று சின்ன பிளாஸ்டிக் கூடையில் கம்பளி போன்ற பொருளில் வேரூன்றி வரும். அதைப் பொறுமையாகப் பிய்த்து எடுத்து, வேர்களை மூன்று நான்கு சென்டிமீட்டருக்குக் கத்தரித்து, விரலால் குழிபறித்து நடுங்கள். இலைகள் தண்டோடு சேரும் கழுத்து மணலுக்கு மேலே தெரியவேண்டும்; புதைந்தால் அழுகும். குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்த வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் கலந்த நீரானால் அப்படிப் போகாது, நீர்ச்சீரமைப்பு மருந்து வாங்கித்தான் ஆகவேண்டும். விளக்கு நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் போதும். மேற்குச் சுவரோரம் வைக்காதீர்கள். தகரக் கூரை வீடுகளில் பிற்பகல் வெப்பம் தண்ணீரை 32 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும். தொட்டியின் ஒளியைக் கூட்டினால் செடி வேகமாக வளரும் என்று நினைப்பது பரவலான பிழை. கூடுதல் ஒளியைப் பயன்படுத்திக்கொள்ளத் தேவையான வேகம் கிரிப்டுக்கு இல்லை. அது வீணடிக்கும் ஒளியில் பாசி பிடிக்கும்.

இனி பலரைக் கலங்கடிக்கும் கட்டம். நட்ட சில நாட்களில், சில சமயம் ஒரே இரவில், இலைகள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியத் தொடங்கும். ஓட்டை விழும். விரலால் தொட்டால் கூழாக வரும். நாலு நாளில் செடி இருந்த இடத்தில் குச்சிதான் நிற்கும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறார்கள். பண்ணைகளில் கிரிப்டைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். வேகமாக வளரும், பாசி பிடிக்காது. காற்றுக்கென்று உருவான அந்தத் தடித்த இலை நீருக்குள் உதவாது. ஒளி, வெப்பம், நீரின் தன்மை, வேரின் இடம் எது திடீரென்று மாறினாலும் செடி பழைய இலைகளைக் கைவிட்டுவிடும். கூழான இலைகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, தண்டை மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் நடுவிலிருந்து சுருண்ட சிறு இலைமுனை எட்டிப் பார்க்கும். அது நீருக்கென்றே பிறந்த இலை. மெல்லியதாக, பழைய இலையிலிருந்து வேறு நிறத்தில்கூட இருக்கும். அதன்பின் செடியை இடம் மாற்றாதீர்கள். ஓராண்டு கழித்து மணலைக் கிழித்துக்கொண்டு பக்கக் கன்றுகள் வரும்.

மீன் தொட்டியில் மீனும் செடியும் ஒன்றுக்கொன்று வேலை செய்துகொள்கின்றன. மீன் செவுள் வழியாக விடும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. வடிகட்டியிலும் மணலிலும் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. செடி இரண்டையும் உணவாக எடுத்துக்கொள்கிறது. மீன் மூச்சு விடும் கரியமிலவாயு மெதுவாக வளரும் கிரிப்டுக்குப் போதும். அதனால்தான் சிலிண்டர் வேண்டாம் என்றேன். லோங்கானில் பிடித்த கப்பியே இதற்குப் போதும். இயன்றால் ஹார்லிக்வின் ரஸ்போரா பத்து வாங்கி விடுங்கள். உடலின் பின்பாதியில் கறுப்பு முக்கோணம் கொண்ட, இந்தத் தீபகற்பத்துப் பழுப்பு நீரோடைகளின் மீன். ரிட்லி பர்பூரியாவுக்குப் பெயரிட்ட அதே 1904இல் ஜெர்மானியர் கியோர்க் டுங்கர் இதை விவரித்தார். கெண்டைக் குடும்பத்துச் சிறு மீன்கள் பல முட்டையைத் தண்ணீரில் சிதறவிட, இது அகன்ற இலையின் அடிப்பக்கத்தைத் தேடும். பெண்மீன் தலைகீழாகத் திரும்பி வயிற்றை இலையில் உரசும். ஆண்மீன் அதைச் சுற்றி உடலை வளைக்கும். முட்டைகள் இலையின் அடியில் ஒட்டும். கிரிப்ட் இலை அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. நீரை இன்னும் அதன் சொந்த ஓடை நீர்போல் ஆக்கவேண்டுமானால் போர்ட்டிக்சன் கடற்கரையில் உதிரும் கெத்தாப்பாங் இலை, அதாவது நாட்டு வாதுமை இலை, காய்ந்தது இரண்டைப் போடலாம்.

பூவைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் மனம் ஒப்பவில்லை. தொட்டியில் முழுகிய கிரிப்ட் அரிதாகவே பூக்கும். ஓடையில் நீர் வற்றி இலைகள் காற்றில் தலைகாட்டும்போது பூக்கும். சேம்புக் குடும்பத்துக்கே உரிய மடல் இங்கே நீண்ட குழாயாகச் சுருண்டிருக்கும். குழாயின் அடியில் மூடிய சிறு அறை. அதற்குள் கீழே பெண்பூக்கள் வளையமாக, மேலே தண்டின் நுனியில் ஆண்பூக்கள். மணத்தால் ஈர்க்கப்பட்ட சிறு ஈக்கள் குழாய் வழியே வழுக்கி அறைக்குள் விழும். முதலில் பெண்பூக்கள் மட்டும் தயாராக இருக்கும். ஈ வேறு பூவிலிருந்து கொண்டுவந்த மகரந்தம் அங்கே ஒட்டும். பிறகு ஆண்பூக்கள் மகரந்தம் வெளிவிடும். ஈ அதைப் பூசிக்கொண்டு வெளியேறும். தண்ணீருக்குள் வாழும் செடி காற்றில் பறக்கும் பூச்சியை நம்பிக் கருத்தரிக்க, அந்த நீளக் குழாய்தான் நீர்மட்டத்தைத் தாண்டி வெளியே வரும் புகைபோக்கி.

தமிழர்களுக்கு இந்தப் பேரினம் முற்றிலும் அந்நியமும் இல்லை. சித்த மருத்துவத்தில் 'நாட்டு அதிவிடயம்' என்று வழங்கும் சரக்கு, தென்னிந்திய வயலோர ஓடைகளில் வளரும் கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸின் கிழங்குத் தண்டுதான். இமயமலையிலிருந்து வரும் அதிவிடயத்துக்கு மாற்றாகக் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அதைச் சேர்த்தார்கள். மீன் கடையில் வாங்கிய செடியை அப்படிப் பயன்படுத்த நினைக்காதீர்கள், சிற்றினம் வேறு.

செடி பெருகியபின் மிச்சத்தை என்ன செய்வது? ஓடையிலோ லோங்கானிலோ போடக்கூடாது. 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குத் தொட்டிச் செடியாக அனுப்பப்பட்ட ஹைட்ரில்லா, ஃபுளோரிடாவின் தம்பா அருகே ஒரு கால்வாயில் போடப்பட்டது; அதன் வழித்தோன்றல்களை அகற்ற இன்றுவரை அந்த மாநிலம் பணம் செலவழிக்கிறது. இலங்கையின் இன்னொரு கிரிப்ட், பெக்கெட்டியை, டெக்சாஸின் சான் மார்க்கோஸ் ஆற்றில் 1990களில் பரவி, உலகில் அந்த ஆற்றைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு காட்டு நெல்லை நெருக்கியது. நமக்குப் பக்கத்திலேயே பகாங்கின் தாசிக் சினியில், தொட்டிச் செடியாக வந்த கபோம்பா தாமரைகளுக்கு நடுவே அடர்ந்துபோனது. மெதுவான செடி என்பதால் கிரிப்ட் பரவாது என்று எண்ணவேண்டாம். நிழலும் நல்ல நீரும் அமைந்த ஓடையில், இலங்கைச் செடி மலாயாச் செடியின் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் பிரித்தெடுக்கவே முடியாது. மிச்சக் கன்றுகளைப் பக்கத்து வீட்டுத் தொட்டிக்குக் கொடுங்கள். வெட்டிய இலையையும் வேரையும் சிமெண்டுத் தரையில் வெயிலில் நன்றாகக் காயவைத்து, பூந்தொட்டி மண்ணில் சேர்த்துவிடுங்கள்.

தோட்டத்தையொட்டிய ஓடை எதிலாவது, நிழலான வளைவில், நீருக்குள் மங்கிய பச்சை நிறத்தில் இதயவடிவ இலைகள் கூட்டமாக நிற்பதைக் கண்டால் பிடுங்காதீர்கள். அடிப்பக்கம் செந்நிறமாக இருக்கிறதா என்று ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். பூமடல் தெரிந்தால் அதன் வாய்ப்புறத்தைப் படம் எடுங்கள்; கிரிப்ட் சிற்றினங்களைப் பிரித்தறிய இலையைவிட அதுதான் உதவும். பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து அகமது சோஃபிமான் ஒத்மானும் மஷ்ஹோர் மன்சோரும் யாகப்சனோடு சேர்ந்து தீபகற்பத்தின் கிரிப்டுகளைப் பற்றி 2009இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார்கள். படத்தை ஒப்பிட்டுப் பார்க்க அது பயன்படும். அந்த இடத்தில் அடுத்த மறுநடவு எந்த ஆண்டு என்று தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். ஆற்றோரக் காப்பு நிலத்தில் நிற்கும் மரங்களை அந்த முறை வெட்டாமல் விடச் சொல்லி, மரம் சாயும் முன்பே எழுத்தில் கொடுங்கள்.